கட்டைக்குள் உறையும் நஞ்சு

பழைமை பேணும் இடங்களிற் புதுமரம் கண்ணை உறுத்தும் என்பர். அதனாலேயே கழித்த புகையிரதச் சிலிப்பர்க் கட்டைகள் அங்கே இருக்கைகளாகவும் படிகளாகவும் இடம்பெறுகின்றன. யாழ்ப்பாணத்தில் எங்கள் ஊர்ப் பழைய மடத்தைத் திருத்தியபோதும் அத்தகைய கட்டைகளைத் திண்ணையோரம் பதித்தனர். நண்பகல் வெயிலில் அவை கருநெய் கசிந்தன, தார்நெடி வீசிற்று, சிறுவரின் வெண்சட்டைகளிற் கறை படிந்தது. (என் தாயார் அதனை வெறும் அழுக்கென்றே எண்ணி வெளுத்தார்.)

அது கிரியோசோற்று. நிலக்கரித் தாரிலிருந்து வடித்தெடுக்கும் அவ்வெண்ணெயை அழுத்தத்தால் மரத்துட் செலுத்தும் முறைக்கு ஜோன் பெதெல் 1838இல் காப்புரிமை பெற்றார். கறையானை விலக்கும் அந்நெய் மனிதர் தோலையும் எரிக்கும். பெரும்பாலும் புற்றுநோய் விளைக்கக்கூடியதெனச் சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகவரகம் அதனை வகைப்படுத்தியுள்ளது. பழைய கட்டையாயினும் கட்டடங்களினுள்ளும் விளையாட்டிடங்களிலும் பயன்படலாகாதென ஐரோப்பிய ஒன்றியம் 2001இலேயே பணித்தது.

அறுத்தால் தூளிலும் எரித்தால் புகையிலும் நஞ்சு வெளிப்படும். மடத்து வேலையில் மிஞ்சிய துண்டங்கள் அன்னதான அடுப்புக்குச் சென்றன என்பதே என்னைப் பெரிதும் வருத்துகிறது. மேலே வண்ணம் பூசினாற் போதும் என்பாரும் உளர். உள்ளூறிய எண்ணெயோ பல்லாண்டுகள் கசியும்.

தொன்மைக்காகத்தான் என்றால் அவ்வாதமும் பொருந்தாது. அம்மடத்தைக் கட்டியோர் போட்டவை வைரம் பாய்ந்த பனஞ்சலாகைகளும் முதிரைத் தீராந்திகளுமே. சிலிப்பர்க் கட்டை அங்கே ஒருநாளும் இருந்ததில்லை.