வலையும் வாய்ப்பூட்டும்

பிள்ளைகள் பலரைப் பெற்ற தாய்மாரிடையே பரவலாகக் காணப்படும் நோய் ஒன்று உண்டு. இருமினாலும் தும்மினாலும் தண்ணீர்க்குடம் தூக்கினாலும் சிறுநீர் கசிந்துவிடும். தமிழ் கற்பிப்பது எமது தொழில். ஆயினும் கல்முனை வீடுகளில் இந்நோய்க்கு வழங்கும் பெயரொன்றை நாம் கேட்டதில்லை. எம் உறவில் மாமி ஒருவரை வைத்தியரிடம் காட்டும்படி வேண்டினோம். "இதெல்லாம் வெளியில சொல்ற கதையா புள்ள?" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

மேலைநாடுகளில் இதற்குப் புதியதொரு சத்திரசிகிச்சை வந்தது. சுவீடன் நாட்டு வைத்தியர் உல்ஃப் உல்ம்ஸ்டனும் அவர்தம் குழுவினரும் 1996இல் அதனை அறிமுகப்படுத்தினர். பொலிப்புரொப்பிலீன் என்னும் பிளாஸ்ரிக் இழையாற் பின்னிய, ஏறத்தாழ ஒரு சென்ரிமீற்றர் அகலமான வலைநாடாவைச் சிறுநீர் வழியின் கீழ் ஏணைபோல் தாங்கவைப்பதே அம்முறை. பலர் அதனால் நலம் பெற்றனர்; அதனை மறுத்தல் நேர்மையன்று. சிலருக்கோ நாடா யோனிச் சுவரை அரித்து வெளிப்பட்டது. தொடையிலும் அடிவயிற்றிலும் தீராத வலி. சிறுநீர் கழிக்க இயலாமை. இல்லற வாழ்வே வேதனை. வலைக்கண்களினூடே தசை வளர்ந்து பிணைந்துவிடுவதால், அதனை முற்றாக அகற்றுவதும் எளிதன்று.

அப்பெண்கள் முறையிட்டபோது நிகழ்ந்ததென்ன? அவர்களுடைய சொல் நெடுங்காலம் செவியேறவில்லை என்பதைக் கம்பர்லெஜ் சீமாட்டி தலைமையில் இங்கிலாந்தில் அமைந்த விசாரணைக்குழு 2020இல் எடுத்துரைத்தது. ஆயினும் அவர்கள் ஓயவில்லை. அவர்களது போராட்டத்தின் பயனாய் 2018 யூலையில் அங்கு இவ்வலைநாடாச் சிகிச்சை இடைநிறுத்தப்பட்டது. இத்தகைய வலைகளின் ஆபத்தைப் போதியளவு எச்சரிக்கத் தவறியதாக ஜோன்சன் அன்ட் ஜோன்சன் குழும நிறுவனங்களுக்கு எதிராக அவுஸ்திரேலியச் சமஷ்டி நீதிமன்றம் 2019இல் தீர்ப்பளித்தது.

வாய் திறந்தவர்களுக்கே நீதி இத்துணை தாமதித்ததெனில், வாயே திறவாத எம் தாய்மாரின் கதி யாது?

இந்நோய்க்கு முதற்படி கத்தியன்று. அடியிடுப்புத் தசைகளை இறுக்கித் தளர்த்தும் பயிற்சியை அமெரிக்க வைத்தியர் ஆர்னல்ட் கெகல் 1948இலேயே வெளியிட்டார். தக்கவரின் வழிகாட்டலில் மூன்று மாதமேனும் அதனைச் செய்துபார்த்தல் வேண்டும். சத்திரசிகிச்சையே தேவையெனின், உள்ளே வைப்பது பிளாஸ்ரிக்கா, சொந்த உடலின் திசுவா, தீங்கு நேர்ந்தால் அகற்றுவோர் யார் என வினவுதல் நோயாளியின் உரிமை. சிகிச்சைக்குப் பின் வலி தொடர்ந்தால் அதனை விதியென்று பொறுத்தலும் ஆகாது.

"வெட்கம்" என்பார்க்கு ஒரு சொல். சிறுநீர் ஓயாது கசிபவர் தொழுகை நேரம் வந்தபின் சுத்தம் செய்து, துணி கட்டி, வுழூ எடுத்து, தாமதியாது தொழவேண்டும் என்று ஷாபிஈ மத்ஹபின் சட்டநூல்கள் வெளிப்படையாகவே பேசுகின்றன. மார்க்கம் கூசாமற் பேசியதை ஊர் ஏன் மறைக்கவேண்டும்?

வீடுதோறும் வரும் மருத்துவ மாது பிள்ளையின் நிறையைக் கேட்டு எழுதுகிறார். தாயிடமும் இதனைக் கேட்கட்டும். கேட்பார் இருந்தால், சொல்லும் துணிவும் பிறக்கும்.