இணை பிரிந்த நாய்

பரிசு கொடுப்பது எளிது. பரிசைத் தேர்வது அரிது. தம் செல்வத்தைக் காட்ட விரும்புவோர்க்கு விலை ஒன்றே வழிகாட்டும். பெறுபவரின் உள்ளத்தை எண்ணித் தேரும்போதோ, கடையில் நிறைந்திருக்கும் பொருள்கள் யாவும் பொருந்தாதனவாகவே தோன்றும். அப்பரிசு பழைய கடன் ஒன்றைத் தீர்ப்பதற்கும் உரியதாக இருப்பின், தேர்வு இன்னும் கடினமாகிவிடும்.

1973-ஆம் ஆண்டில் மலேசியத் தோட்டப்புறம் ஒன்றிலிருந்து தாதிப் பயிற்சிக்காக இங்கிலாந்து சென்ற தமிழ்ப்பெண் ஒருத்தி, பயிற்சி முடிந்ததும் ஸ்டோக் ஆன் டிரென்ட் நகரில் கைம்பெண் ஒருவரின் வீட்டில் அறை எடுத்துத் தங்கினாள். அவ்வீட்டின் கணப்படுப்புக்கு மேலிருந்த பலகையில், இரு முனைகளிலும் இரண்டு மண் நாய்கள் அமர்ந்திருந்தன. வெண்ணிற உடல், செந்நிறத் திட்டுகள், கழுத்தில் பொன்வண்ணச் சங்கிலி. உடல்கள் ஒன்றையொன்று நோக்கியிருக்க, முகங்கள் மட்டும் அறையில் இருப்போரை நோக்கித் திரும்பியிருந்தன.

அந்நகரம் மண்பாண்டத் தொழிலுக்குப் பெயர் பெற்றது. களிமண்ணும் நிலக்கரியும் அருகருகே கிடைத்தமையால், ஸ்டாஃபோர்டுஷயர் மாவட்டத்தின் அப்பகுதியில் சூளைகள் பெருகின. பத்தொன்பதாம் நூற்றாண்டில் அங்கே செய்யப்பட்ட நாய்ப் பொம்மைகள் எளியவர் இல்லங்களிலெல்லாம் இடம் பெற்றன. விக்டோரியா அரசியார் இளமையில் டாஷ் என்னும் ஸ்பானியல் நாயிடம் கொண்டிருந்த அன்பும் அதற்கு ஒரு காரணம் என்பர். அந்நாய்கள் பெரும்பாலும் இணையாகவே விற்கப்பட்டன. ஒன்று மற்றொன்றின் கண்ணாடி உருவம் போன்றது.

வீட்டுக்கார அம்மையாருக்கு அவை பாட்டி வழி வந்தவை. அப்பாட்டி சிறுமியாக இருந்த காலத்திலேயே பாண்டத் தொழிற்சாலையில் வண்ணம் தீட்டும் வேலைக்குச் சென்றவர். அத்தொழிற்சாலைகளில் சிறுவர் பட்ட துன்பங்களைச் சாமுவேல் ஸ்கிரிவன் என்பவர் 1841-ஆம் ஆண்டிலேயே விசாரித்து அரசின் ஆணையத்திற்கு அறிவித்தார். எனினும், தொழிற்சாலைச் சட்டத்தின் பாதுகாப்பு அத்தொழிலுக்கு விரிவுபடுத்தப்பட்டது 1864-ஆம் ஆண்டில்தான். பளபளக்கும் மெருகில் கலந்திருந்த ஈயம் எத்தனையோ தொழிலாளரின் உடலை நஞ்சாக்கியது. மேலே புன்னகை பூத்திருந்த நாய்களுக்குப் பின்னே இத்தகைய வரலாறும் இருந்தது. ரப்பர்த் தோட்டத்தில் தாயுடன் விடியலில் எழுந்து பழகிய அப்பெண்ணுக்கு அதனைப் புரிந்துகொள்ள விளக்கம் வேண்டியிருக்கவில்லை.

ஒரு நாள் இரவுப் பணி முடிந்து திரும்பியவள், அம்மையாருக்கு உதவ எண்ணிப் பலகையைத் துடைத்தாள். களைத்த கை தவறியது. நாய்களில் ஒன்று தரையில் விழுந்து சிதறியது. அம்மையார் வந்து பார்த்தார். கடிந்துகொள்ளவில்லை. "உன் கையில் காயம் இல்லையே?" என்று மட்டும் கேட்டார். பிறகு எஞ்சிய நாயைப் பலகையின் நடுவில் வைத்தார். அதன்பின் அவ்வீட்டில் இருந்த நாள்வரை அந்தப் பலகையை நிமிர்ந்து பார்க்க அவளுக்கு மனம் வரவில்லை. திட்டியிருந்தால் மறந்திருப்பாள், திட்டாத பொறுமையே நெஞ்சில் முள்ளாகத் தங்கியது.

தாயகம் திரும்பி மணம் முடித்த பின்னர், 1988-ஆம் ஆண்டில் அவள் மீண்டும் இங்கிலாந்து சென்றாள். அம்மையாருக்கு வயது எண்பதைத் தொட்டிருந்தது. அவருக்குப் பரிசளிக்க ஓர் இணை நாயைத் தேடி, பழம்பொருள் கடை ஒன்றில் நுழைந்தாள்.

கடைக்காரர் நேர்மையானவர். புதிய போலிகளை இனங்காணும் வழியை அவரே கற்பித்தார். பழைய நாய்கள் அச்சில் களிமண்ணைக் கையால் அழுத்திச் செய்யப்பட்டவை. சூளையில் காற்று வெளியேறச் சிறு துளையே அவற்றில் இருக்கும். குழைமண்ணை அச்சில் ஊற்றிச் செய்யும் பிற்கால நாய்களின் அடியிலோ பெரிய துளை இருக்கும். பழைய பொன்வண்ணம் மங்கித் தேய்ந்திருக்கும். புதியது பித்தளைபோல் மின்னும். மெருகில் ஓடும் நுண்விரிசல்கள் எங்கும் ஒரே சீராகக் கறைபட்டிருந்தால், அக்கறை முதுமையால் வந்ததாக இராது. 'இங்கிலாந்து' என்ற முத்திரை இருந்தால், பெரும்பாலும் 1891-ஆம் ஆண்டுக்குப் பிற்பட்டது.

அவள்முன் மூன்று நாய்கள் வைக்கப்பட்டன. ஒன்று குறையே இல்லாதது, ஆயின் புதியது. மற்ற இரண்டும் பழையவை. ஒன்று வலப்பக்கம் நோக்கியது. மற்றொன்று இடப்பக்கம் நோக்கியது. அதன் காது உடைந்து ஒட்டப்பட்டிருந்தது. உடைந்த நாய் எப்பக்கம் நோக்கியிருந்தது? பார்க்க அஞ்சிய கண்களுக்கு அது நினைவில்லை. கண்களை மூடி எண்ணினாள். சிதறிய துண்டுகளின்மீது காலை வெயில் பட்டது நினைவுக்கு வந்தது. வெயில் வந்தது சன்னல் வழியே. சன்னல் இருந்தது கணப்படுப்பின் வலப்புறம். அப்படியாயின் வலமுனையில் இருந்ததே விழுந்தது. அது இடப்பக்கமே நோக்கியிருக்க வேண்டும்.

காது ஒட்டிய நாயையே அவள் வாங்கினாள். குற்றத்தை மறைக்க எண்ணியிருந்தால், குறையற்ற போலியே போதுமானதாக இருந்திருக்கும்.

அம்மையார் பொதியைப் பிரித்தார். நாயைக் கவிழ்த்துப் பார்த்தார். காதின்மேல் விரல் நின்றது.

"இது ஒட்டப்பட்டது. விற்றவரே சொன்னார். உங்களிடம் சொல்லாமல் கொடுக்க மனம் வரவில்லை. அன்று உடைத்ததற்கு இது ஈடாகாது என்பதும் தெரியும்" என்றாள் அவள்.

"ஈடா? பதினைந்து ஆண்டுக்கு அருகில் ஆகிறதே, இன்னுமா அதைச் சுமந்துகொண்டிருக்கிறாய்?" என்றார் அம்மையார். சிறிது நேரம் நாயின் முகத்தையே நோக்கினார். "என் பாட்டி தீட்டியது இதுவன்று. ஆனால் இதனையும் யாரோ ஒரு சிறுமி தீட்டியிருப்பாள். அவளையும் எவரேனும் வீட்டில் வைத்து நினைக்க வேண்டுமல்லவா?"

புதிய வரவு பழையதைவிடச் சற்று உயரம். மூக்கின் நிறமும் வேறு. கையால் தீட்டப்பட்ட முகங்கள் இரண்டு முற்றிலும் ஒத்திருப்பதில்லை. அம்மையார் அதனைச் சன்னலோரம் வைத்தார். பின்னர், நடுவில் தனித்திருந்த நாயை இரு கைகளாலும் எடுத்து, அதன் பழைய இடமாகிய இடமுனைக்கு மெல்லக் கொண்டு சென்றார்.