அண்ணா கடை ஃபோன்

அன்புள்ள சிநேகிதிக்கு,

மயிலாப்பூரில் என்ன விசேஷம் என்று கேட்டிருந்தாய். மெட்ரோ பள்ளம் பற்றி எழுதினால் உனக்கு அலுத்துவிடும். அதைவிடப் பெரிய சமாசாரம், அண்ணா பட்சணக் கடை லேண்ட்லைனை மாற்றிவிட்டான்!

அப்பா ஓ.ஒய்.டி. திட்டத்தில் பணம் கட்டி, வருஷக்கணக்காகக் காத்திருந்து வாங்கிய கனெக்‌ஷன் அது. 499-இல் ஆரம்பிக்கும் நம்பர், உனக்குத் தலைகீழாகத் தெரியும். அப்புறம் முன்னால் ஒரு 2 ஒட்டி எட்டு இலக்கமாக்கினார்கள். தி.நகர், அடையாறு மாமிகள் அலமாரிக் கதவின் உட்புறம் எழுதி ஒட்டியிருக்கும் நம்பர். செல் நம்பர் கொடுத்துப் பார், "கடையா, இல்ல ஆத்துல பண்ணித் தரேளா?" என்று இழுப்பார்கள். 24-இல் ஆரம்பித்தால்தான் அவர்களுக்கு அது கடை.

ஆனால் மழை வந்தால் கரகரப்பு, தெருவில் எவன் தோண்டினாலும் கேபிள் காலி. தீபாவளி நெருக்கத்தில் ஃபோன் ஊமையாகிவிட்டது. அண்ணா பிள்ளை வேறு கம்பெனிக்குப் போகலாம், மலிவு என்றான். அங்கேதான் சிக்கல். செல் நம்பரை 2011-லிருந்து எந்தக் கம்பெனிக்கும் தூக்கிக்கொண்டு போகலாம், லேண்ட்லைனுக்கு அந்தச் சலுகை கிடையாது. மன்னி கறாராகச் சொல்லிவிட்டாள்: "நம்பர் போனா நானும் போறேன்." கடைசியில் இருந்த கம்பெனியிலேயே செப்புக் கம்பியை விட்டு ஃபைபருக்கு மாறினார்கள். சுவரில் ஒரு வெள்ளை டப்பா, அதில் அதே பழைய ஃபோன், அதே நம்பர். கூடவே ஒரு ஆப். அடையாறுக்கு டெலிவரிக்குப் போன பிள்ளை, ஓரமாக வண்டியை நிறுத்திக் கடை நம்பரிலேயே ஆர்டர் எடுக்கிறான்.

இப்போது பேசுவதெல்லாம் ரிக்கார்டு ஆகிறது. முதலில் ஒரு பெண்குரல் அதைச் சொல்லும்; பாதி மாமிகள் அதற்கும் "சரிம்மா" என்கிறார்கள். வம்பு இனிமேல்தான். தி.நகர் மாமி ஒருத்தி (பேர் வேண்டாம், உனக்கே புரியும்) பெண்ணின் நிச்சயதார்த்தத்தில், "ஏழு சுத்து முறுக்கு சொன்னேன், அஞ்சு சுத்து வந்திருக்கு" என்று மண்டபமே அதிரக் கத்தினாள். அண்ணா பிள்ளை என்ன செய்தான் தெரியுமா? செல்லை எடுத்து ரிக்கார்டைப் போட்டுவிட்டான். மாமி குரல் கணீரென்று: "அஞ்சே போறும்ப்பா, அவா இருக்கிற இருப்புக்கு இதுவே ஜாஸ்தி." பக்கத்தில் சம்பந்தி மாமி, கையில் தாம்பாளத்தோடு! கல்யாணம் நிற்கவில்லை, ஆனால் இரண்டு வீட்டுக்கும் நடுவில் இப்போது பேச்சுவார்த்தை மாப்பிள்ளைக்கும் பெண்ணுக்கும் மட்டும்தான். அண்ணா பிள்ளை செய்தது தப்பு என்று மன்னி திட்டுகிறாள். எனக்கோ உள்ளூர சந்தோஷம்.

ஒரே குறை, கரண்ட். பழைய ஃபோனுக்கு எக்ஸ்சேஞ்ச் பேட்டரியிலிருந்து கம்பி வழியாகவே மின்சாரம் வந்துவிடும், வீட்டில் விளக்கு எரியாவிட்டாலும் அது அடிக்கும். இந்த டப்பா கரண்ட் போன மறுகணம் கண்ணை மூடிக்கொள்கிறது. 2023 டிசம்பர் மிக்ஜாம் புயல் மாதிரி இன்னொன்று வந்தால் ஊரோடு கடையும் வாயை மூடவேண்டியதுதான். ஒரு மினி யுபிஎஸ் வாங்கு என்று தலையில் அடித்துக்கொள்கிறேன். "கிரைண்டருக்கே இன்வெர்ட்டர் இல்ல, ஃபோனுக்கா?" என்கிறான் அண்ணா. அவன் கஞ்சத்தனம் மட்டும் எந்த டெக்னாலஜிக்கும் மாறாது.

நீ கூப்பிட்டால் 044 போட்டு அதே நம்பர்தான். மன்னியைப் பற்றி ஏதாவது சொல்வதென்றால் மட்டும் என் செல்லுக்கு அடி.

உன் பிரிய சிநேகிதி