எந்தக் கை வேண்டும்?

இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி. (இயற்பியல்)

யானைக்குத் தும்பிக்கை, மனிதனுக்கு நம்பிக்கை என்பர். இன்றைய தொழிற்சாலைக்கோ இயந்திரக் கை! 1961-ஆம் ஆண்டு அமெரிக்காவின் நியூ ஜெர்சி மாநிலத்தில், ஜெனரல் மோட்டார்ஸ் ஆலையில் 'யூனிமேட்' என்னும் ரோபோ உற்பத்திப் பணியில் அமர்ந்தது. கொதிக்கும் வார்ப்புகளை எடுத்து வைப்பதே அதன் வேலை. மனிதக் கை வெந்துபோகும் இடத்தில்தான் இயந்திரக் கை முதலில் நுழைந்தது!

என் தந்தை ஒரு பட்டறையில் வெல்டர். எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். பட்டறை உரிமையாளர் இயந்திரக் கை வாங்க எண்ணி, ஆங்கில விவரக் கையேடுகளைத் தந்தையிடம் கொடுத்தார். "உங்க பொண்ணு ஃபிசிக்ஸ்தானே படிக்குது? பார்த்துச் சொல்லச் சொல்லுங்க" என்றாராம். எனக்கோ மலைப்பு. வரப்போகும் கை தந்தையின் சுமையைக் குறைக்குமா, வேலையையே பறிக்குமா?

அங்கே வேலை இரண்டு. 8 கிலோ வார்ப்பைத் தூக்கி எந்திரத்தில் மாட்டுவது ஒன்று. இரும்புச் சட்டங்களைப் பற்றவைப்பது மற்றொன்று. இரண்டையும் செய்பவர் என் தந்தை. மாலையில் அவருக்குக் கண்ணைவிட இடுப்புத்தான் அதிகம் வலிக்கும்.

"12 கிலோ தூக்கும் ஒரே கை இரண்டுக்கும் போதும்" என்பது உரிமையாளர் கணக்கு. ஆனால் வார்ப்பைப் பிடிக்கும் பிடிப்பானும் 5 கிலோ. ஆக 13 கிலோ! அதோடு முடிந்ததா? குடத்தை இடுப்போடு அணைத்தால் எளிது. கையை நீட்டிப் பிடித்தால் தோள் கழன்றுவிடும். அந்த 13 கிலோ, மணிக்கட்டிலிருந்து 10 செ.மீ. தள்ளியிருந்தால் திருப்புத்திறன் ஏறத்தாழ 13 நியூட்டன் மீட்டர், 25 செ.மீ. தள்ளியிருந்தால் 32. எடை ஒன்றே, வலி வேறு!

ஏ.பி.பி. நிறுவனத்தின் ஐ.ஆர்.பி. 2600 வகையைப் பாருங்கள். 1.65 மீட்டர் எட்டும் கை 20 கிலோ வரை தூக்கும், 1.85 மீட்டர் எட்டும் கைக்கோ 12 கிலோதான்.

பற்றவைப்பின் கதையே வேறு. வெல்டிங் டார்ச்சின் எடை சில கிலோதான். அங்கே வேண்டுவது வலு அன்று. மெலிந்த மணிக்கட்டு, நீண்ட எட்டு, நடுங்காத பாதை. கம்பியும் வாயுக் குழாயும் கைக்குள்ளேயே சென்றால் நல்லது. வெளியே தொங்கினால் சட்டத்தில் சிக்கும். சென்ற இடத்துக்கே திரும்பத் திரும்பச் செல்வதில் இக்கைகளின் பிழை மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. ஆனால் சட்டமே 2 மி.மீ. விலகி நின்றால்? உணர்கருவி இல்லாத கை பழைய இடத்திலேயே பற்றவைக்கும்! அந்த விலகல் என் தந்தையின் கண்ணுக்குத் தெரியும்.

ஆகவே நான் எழுதிக் கொடுத்தது இதுதான்: முதலில் சுமை தூக்க 20 கிலோ வகைக் கை வாங்குக, மணிக்கட்டின் வரம்பையும் சரிபார்க்க. ஒரே மாதிரிச் சட்டங்கள் நூற்றுக்கணக்கில் வரும் நாளில், அவற்றை இறுக்கிப் பிடிக்கும் ஃபிக்ஸர் செய்தபின், பற்றவைக்கும் கையை வாங்கலாம். அதற்குப் பாதை கற்றுத்தர அனுபவமுள்ள வெல்டர் வேண்டும்.

உரிமையாளர் இன்னும் முடிவு சொல்லவில்லை. தந்தை மட்டும், "தூக்கறதை அது தூக்கட்டும் கண்ணு, நெருப்பை நான் பார்த்துக்கறேன்" என்றார்.

நண்பர்களே! விரலுக்குத் தகுந்த வீக்கம் என்பது பழமொழி. வேலைக்குத் தகுந்த கை என்பது புதுமொழியாகட்டும். கையேட்டின் முதல் எண்ணை மட்டும் பார்ப்போர் பணத்தை இழப்பர். யாருடைய சுமையை இறக்கப்போகிறோம் என்று முதலில் கேட்போரே தொழிலையும் காப்பர், தொழிலாளியையும் காப்பர். அக்கேள்வியைக் கேட்கக் கற்பதன்றோ கல்வி!