ரிமோட் என் கையில... கடிவாளம் தாத்தா கையில!

உங்க வீட்டுப் பரண் மேல உடைஞ்ச ரிமோட் கார் ஏதாவது கிடக்குதா? தூக்கிப் போட்டுடாதீங்க. அப்படிக் கிடந்த ரெண்டு கார்தான் எங்க வீட்டுக் குதிரையை ஓட வெச்சது!

குதிரைன்னா நிஜக் குதிரை இல்லை பாஸ்... பொய்க்கால் குதிரை. நமக்கு ஊர், வெள்ளிக்கிழமை ஆட்டுச் சந்தைக்குப் பேர்போன வேப்பூர். எங்க தாத்தா நாற்பது வருஷம் பொய்க்கால் குதிரை ஆடினவர். ஒரு அடி உயரக் கட்டையைக் காலில் கட்டிக்கொண்டு, குதிரைக் கூட்டைத் தோளில் மாட்டிக்கொண்டு விடிய விடிய ஆடுவார். (சிலப்பதிகாரத்திலேயே துர்க்கை மரக்கால் ஆடினதா வருது. அவ்வளவு பழைய கலை!)

2022-ல் மூட்டு தேய்ந்துபோனது. 'இனி கட்டை கட்டவே கூடாது' என்றுவிட்டார் டாக்டர். குதிரை பின்கட்டில் தொங்கியது. ஒரு காதை எலி தின்றுவிட்டது. ஆடித் திருவிழா வந்தால் தாத்தா அதை இறக்கித் துடைப்பார், மறுபடி மாட்டுவார். ஒரு வார்த்தை பேசமாட்டார். அதைத்தான் என்னால் பார்க்க முடியலை.

'சக்கரம் வெச்சு, உள்ளே ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார வெச்சா என்ன?' - இன்ஜினீயரிங் மூளை வேலை செய்தது. பொம்மை காரைப் பிரித்து மோட்டார், கியர் எல்லாம் எடுத்துச் சட்டத்தில் மாட்டினேன். சும்மா ஓட்டினப்ப விர்ர்ர்ருனு பறந்தது. மேலே அரிசி மூட்டையை வெச்சேன்... 'ங்ஙீ'னு ஒரு சத்தம், கருகல் வாசனை. வெள்ளை பிளாஸ்டிக் கியரின் பல் மொத்தமும் மாவு!

டார்க் பத்தி பரீட்சையில் பக்கம் பக்கமா எழுதினவன்தான் நானும். பொம்மை மோட்டார் நிமிஷத்துக்கு ஆயிரக்கணக்கில் சுற்றும், ஆனா இழுவை கிடையாது. தாத்தா, சட்டம், பேட்டரி எல்லாம் சேர்த்து 70 கிலோ. அதுக்கு வேகம் வேண்டாம், இழுவைதான் வேணும். அது மண்டையில் ஏறினது அன்னிக்குத்தான்.

அடுத்த ஸ்டாப், விருத்தாசலம் பழைய இரும்புக் கடை. வேனில் இருந்து கழற்றின ரெண்டு வைப்பர் மோட்டார் கிடைத்தது. 12 வோல்ட், உள்ளேயே கியர் இருக்கும், நிமிஷத்துக்கு 45 சுற்று. 20 சென்டிமீட்டர் சக்கரம் மாட்டினால் நிமிஷத்துக்கு 28 மீட்டர். சாமி ஊர்வல வேகம்! ரெண்டும் ஓடினா நேரே போகும். ஒண்ணு நின்னா அந்தப் பக்கம் திரும்பும். பொம்மை காரில் மிஞ்சினது ரிமோட்டும் ரிசீவரும் மட்டும். அது ரிலேயைத் தட்டும், ரிலே மோட்டாரை ஓட்டும்.

விருத்தாசலம் பீங்கான் ஊராச்சே... அங்கே பொம்மைப் பட்டறையில் வேலை பார்க்கிற சித்தப்பா, "தலையைப் பீங்கான்லயே பண்ணிடலாம்டா" என்றார். குதிரை குப்புற விழுந்துடும் சித்தப்பா! கடைசியில் பிளாஸ்டர் அச்சு எடுத்து, களிமண் கரைசலுக்குப் பதிலா காகிதக் கூழை அப்பிக் காய வெச்சோம். ரெண்டு காதோட புதுத் தலை ரெடி.

ட்ரையல் நாள். தாத்தா ஏறி உட்கார்ந்தார். நான் ரிமோட்டை அழுத்தினேன். குதிரை நகர்ந்தது. தெருவே கைதட்டியது. தாத்தா மட்டும் ஒரே நிமிஷத்தில் இறங்கிட்டார்.

"ஏன் தாத்தா?"

"ரிமோட்டு உங்கிட்ட இருக்கு. அப்ப ஆடுறவன் நீதான்டா. நான் மேல வெச்ச பொம்மை."

சுருக்குனு இருந்தது. 1977-ல் வந்த 'ஸ்டார் வார்ஸ்' படத்துல ஆர்2-டி2 ரோபோவை சில காட்சிகளில் ரிமோட்டில் ஓட்டினாங்க, சில காட்சிகளில் கென்னி பேக்கர்னு ஒரு நடிகர் உள்ளே இருந்து ஆட்டினார். நான் என்ன பண்ணினேன்? உள்ளே நாற்பது வருஷ ஆட்டக்காரரை உட்கார வெச்சுட்டு, வெளியே இருந்து ரிமோட்டில் ஓட்டினேன்!

ராத்திரியே வயரையெல்லாம் பிரிச்சேன். கடிவாளக் கயிற்றின் ரெண்டு முனையிலும் காலிங்பெல் சுவிட்ச். இடது கயிற்றை இழுத்தால் இடது மோட்டார் நிற்கும், குதிரை இடது பக்கம் திரும்பும். ரெண்டையும் இழுத்தால் நின்றுவிடும். நிஜக் குதிரை மாதிரியே! ரிமோட்டுக்கு ஒரே வேலை, பாதுகாப்பு. நான் பட்டனை அழுத்திட்டே இருக்கணும், விட்டால் எல்லாம் நிற்கும்.

தாத்தா கயிற்றை ரெண்டு தடவை இழுத்துப் பார்த்தார். "இப்ப சரி" என்றார். அவ்வளவுதான்.

2024 ஆடித் திருவிழா. மேளம் கிளம்பியது, தாத்தா தோளும் கிளம்பியது. கோயில் திருப்பத்தில் இடது சக்கரம் மணலில் புதைஞ்சுடுச்சு. வலது சக்கரம் மட்டும் தள்ள, குதிரை வட்டமடிக்குது! என் கட்டைவிரல் வேர்த்துடுச்சு. விட்டுடலாமா? தாத்தா என்னைப் பார்த்து 'வேண்டாம்'னு தலையை ஆட்டினார். அந்தச் சுற்றையே ஆட்டமா மாத்தி, சாட்டையைச் சுழற்றி மூணு சுற்று சுற்றினார். விசில் பறந்தது! மேளக்காரரும் அதுக்கேத்த மாதிரி அடியை மாத்திட்டார். நாலு பேர் ஓடி வந்து சக்கரத்தைத் தூக்கிவிட்ட பிறகும் கூட்டம் 'இன்னொரு சுத்து'னு கத்தியது.

நீங்களும் இப்படி ஏதாவது செய்தால் ஃப்யூஸ் போட மறக்காதீங்க. முதல்ல அரிசி மூட்டையை ஏத்துங்க, அப்புறம் ஆளை. முக்கியமா, உட்காரப் போறவர்கிட்ட முன்னாடியே ஒரு வார்த்தை கேட்டுடுங்க. நான் கேட்டிருந்தா ஒரு வாரம் மிச்சம்.

அன்னிக்கு ராத்திரி குதிரையை மாட்டிவிட்டு தாத்தா சொன்னது: "எல்லாம் சரிதான்... அடுத்த வருஷத்துக்கு வேகத்தைக் கொஞ்சம் கூட்டுடா!"