அண்ணன் வீட்டுக்கு ஒரு விமான டிக்கெட்!

மூங்கில்துறைப்பட்டில் சர்க்கரை ஆலை அரவை தொடங்கிவிட்டால், கரும்பு போட்ட வீட்டில் யாரும் தேதி சொல்ல மாட்டார்கள். கல்யாணத்துக்கு அழைத்தால்கூட, "வெட்டு உத்தரவு வரட்டும், பாக்கலாம்" என்பதுதான் பதில். அப்படிப்பட்ட ஒரு வீட்டில்தான் போன டிசம்பரில் அந்தமான் பேச்சு எழுந்தது.

பேச்சை எடுத்தது மகள். கள்ளக்குறிச்சியில் கணக்கு வேலை பார்க்கிறார். அம்மாவுக்கு 58 வயது. கடலை ஒரே ஒரு முறை, மாமல்லபுரத்தில் பார்த்ததோடு சரி. இந்த வருஷமாவது அம்மாவையும் அப்பாவையும் ஒரு தீவுக்கு அழைத்துப் போக வேண்டும் என்பது மகளின் ஆசை.

போனில் தேடியதும் விளம்பரங்கள் வரிசைகட்டின. ஒன்று கண்ணைப் பறித்தது. 4 இரவு, 5 பகல், ஒருவருக்கு 16,999 ரூபாய். மூன்று பேருக்கு 51,000-க்குள் முடிந்துவிடும் என்று மகள் கணக்குப் போட்டார். கீழே பொடி எழுத்தில் இருந்ததைப் பிறகுதான் படித்தார். விமானக் கட்டணம் தனி. இருவர் ஓர் அறையில் தங்கினால்தான் அந்த விலை. மூன்றாமவருக்குக் கூடுதல் கட்டில் என்றால் அதற்கும் தனிப் பணம்.

விசாரித்தபோது, "இன்னிக்கே 10,000 முன்பணம் போடுங்க, ஆஃபர் ராத்திரியோட முடியுது" என்றார் போனில் பேசியவர். அனுப்பிய எண் ஒரு தனிநபர் கணக்கு. ஜி.எஸ்.டி எண்ணோடு ரசீது வேண்டும் என்று மகள் கேட்டார். அதன் பிறகு அந்தப் பக்கமிருந்து பதிலே இல்லை. நல்லவேளை, பணம் போகவில்லை. போயிருந்தால் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்கு உடனே அழைத்திருக்க வேண்டும். தாமதிக்கத் தாமதிக்கப் பணத்தை மீட்பது கஷ்டம்.

அடுத்து, பெயர்பெற்ற ஒரு நிறுவனத்தின் பயணத் திட்டத்தை அம்மாவிடம் வாசித்துக் காட்டினார். முதல் நாள் செல்லுலார் சிறை, இரண்டாம் நாள் ஹேவ்லாக், மூன்றாம் நாள் நீல் தீவு... அம்மா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு மெதுவாகச் சொன்னார்.

"இதுல அண்ணன் வீட்டுக்குப் போக எந்த நாள்மா?"

மகளுக்கு அப்போதுதான் உறைத்தது. அம்மாவின் அண்ணன் 1980-களில் கட்டட வேலைக்காகப் போர்ட் பிளேருக்குப் போனவர். அங்கேயே குடும்பமாகிவிட்டார். கடைசியாக ஊருக்கு வந்தது, 11 வருஷம் முன்பு பாட்டியின் காரியத்துக்கு. இப்போது வயது 70-ஐத் தாண்டிவிட்டது. இனி அவரால் வர முடியாது. அம்மாவுக்கு அந்தமான் என்றால் அண்ணன்தான்.

அன்றோடு பேக்கேஜ் தேடல் நின்றது. டிக்கெட் தேடல் தொடங்கியது.

அப்பா கப்பலைச் சொன்னார். சென்னையிலிருந்து அரசுக் கப்பல் உண்டு, கட்டணமும் குறைவு. ஆனால் மாதத்துக்குச் சில முறைதான் கிளம்பும். போய்ச் சேர ஏறக்குறைய மூன்று நாள். அம்மாவின் மூட்டு வலிக்கு அது ஒத்துவராது. விமானத்தில் இரண்டேகால் மணி நேரம்.

விமானத்தில் எல்லா இருக்கைக்கும் ஒரே விலை கிடையாது. குறைந்த விலை இருக்கைகள் தீரத் தீர விலை ஏறும். அதனால் முன்கூட்டியே பதிவு செய்தால் லாபம். ஆனால் கரும்பு வெட்டும் நாள் தெரியாமல் எப்படிப் பதிவு செய்வது? தேதியை மாற்றினால் அபராதம் கட்ட வேண்டியிருக்கும். ஜனவரியில் வெட்டு முடியும் வரை மகள் காத்திருந்தார். மறுநாளே மார்ச் முதல் வாரத்தைப் பார்த்தார். பள்ளிப் பரீட்சை நேரம், கூட்டம் குறைவு, கடலும் அமைதி. சனிக்கிழமை 8,400 காட்டிய டிக்கெட், செவ்வாய்க்கிழமை 5,600. வேறு ஊர் வழியாகச் சுற்றிப்போகும் விமானங்களை ஒதுக்கி, நேராகப் போவதை மட்டும் எடுத்தார். இருக்கை தேர்வு, காப்பீடு என்று தானாகச் சேர்ந்திருந்தவற்றை நீக்கினார். ஆதாரில் உள்ளபடியே பெயர்களை அடித்தார். அம்மாவுக்குச் சக்கர நாற்காலி வேண்டும் என்று அப்போதே குறித்தார்.

போர்ட் பிளேருக்கு 2024 செப்டம்பரில் ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாறிவிட்டது. அதைப் பார்த்து அப்பா, "வேற ஊருக்குப் போட்டுட்டியா?" என்று ஒரு நாள் முழுக்கக் கவலைப்பட்டார்.

போக வர மூவருக்கும் 34,000 சொச்சம். திருவண்ணாமலை வழியாகக் கிளாம்பாக்கத்துக்கு ராத்திரி பஸ், அங்கிருந்து விமான நிலையத்துக்கு ஆட்டோ, அங்கே போய்ச் சுற்றும் செலவு எல்லாம் சேர்த்து 48,000. விமானம் இல்லாத அந்த 16,999 பேக்கேஜைவிடக் குறைவு. மாமா வீட்டில் தங்கல் என்பதால்தான் இது முடிந்தது. ஹேவ்லாக் பட்டியலில் இல்லை. பக்கத்தில் படகில் போய்வரும் ராஸ் தீவும், 1906-ல் கட்டி முடித்த செல்லுலார் சிறையும் போதும் என்று முடிவானது.

கிளம்பும் முன் இன்னொரு கணக்கு. ஒருவருக்கு 15 கிலோ பெட்டி, 7 கிலோ கைப்பை. அண்ணனுக்கு ஊர் வெல்லம், கல்வராயன் மலைப் புளி, தேன் என்று அம்மா அடுக்கிக்கொண்டே போனார். மளிகைக் கடைத் தராசில் வைத்தால் அம்மாவின் பெட்டி 16 கிலோ. இரண்டு பட்டுப் புடவைகளை எடுத்து வெளியே வைத்தார் அம்மா. வெல்லத்தில் கை வைக்கவில்லை.

அங்கே விமான நிலைய வாசலில், கைத்தடியோடு மாமா நின்றிருந்தார். தங்கையைப் பார்த்ததும் கொஞ்ச நேரம் பேச்சு வரவில்லை. பிறகு அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டார்.

"மச்சான்... வெட்டு முடிஞ்சுதா?"