கடனும் கால்வாயும்

ஆவடி! 1955 சனவரியில் காங்கிரஸ் மகாசபை இங்கே கூடி, சோஷலிச பாணிச் சமுதாயம் சமைப்போம் என்று தீர்மானம் தீட்டிற்று. அத்தீர்மானத்துக்கு வயது எழுபதைக் கடந்துவிட்டது. அதை எடைபோட ஏடுகளைப் புரட்ட வேண்டியதில்லை. கார்த்திகைப் பெருமழையில் ஆவடியிலிருந்து அம்பத்தூர் வரை ஒருமுறை நடந்தால் போதும். மேட்டுத் தெருவில் நீர் வடிந்துவிடும். பள்ளத் தெருவில் பானை மிதக்கும்.

வருணனின் கோபம் என்பர் வைதிகர். இயற்கையின் சீற்றம் என்பர் அதிகாரிகள். குற்றவாளி எவருமில்லை என்று சொல்ல இருவருக்கும் இது எளிய வழி! நிலக்கரியும் எண்ணெயும் எரிந்து உலகு சூடேறிற்று. சூடேறிய கடல் மேகத்துக்கு மிகுதியாக நீர் வழங்கிற்று. மேகம் மேடு பள்ளம் பாராமல் பொழிகிறது. மேடு பள்ளம் பார்ப்பது மனிதன் வகுத்த வடிகால்!

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தது. 1964-இல் எழுந்த அம்பத்தூர்த் தொழிற்பேட்டை வெள்ளக்காடாயிற்று. பட்டறை நின்றது, கூலி நின்றது, அடுப்பும் நின்றது. பள்ளி திறந்தபோது என் மாணவர் சிலர் வெயிலில் உலர்த்திய புத்தகங்களோடு வந்தனர். சிலர் புத்தகமின்றியே வந்தனர். அரசு 6,000 ரூபாய் நிவாரணம் தந்தது, நன்று. ஆனால் நிவாரணம் நேற்றைய வெள்ளத்துக்கு. நாளைய வெள்ளத்துக்கு வேண்டுவது வடிகால்.

அதற்குப் பணம்? கொசஸ்தலையாற்றுப் படுகையில் மழைநீர் வடிகால் அமைக்கவும், அம்பத்தூர் வாய்க்கால் உள்ளிட்டவற்றைச் சீராக்கவும் 2021-இல் ஆசிய வளர்ச்சி வங்கி 25.1 கோடி டாலர் கடன் தர இசைந்தது. அதே படுகையின் பணிக்காகச் சென்னை மாநகராட்சி 2025 மே திங்களில் கடன் பத்திரம் வெளியிட்டு 200 கோடி ரூபாய் திரட்டிற்று, வட்டி 7.97 விழுக்காடு. வகுப்பில் இதையே வட்டிக் கணக்காகக் கொடுத்தேன். ஓராண்டு வட்டி ஏறத்தாழ 16 கோடி என்று கண்ட மாணவி ஒருத்தி எழுந்தாள். "இதை யார் கட்டுவார்கள், ஐயா? நாங்களுமா?"

ஆம், அவளுந்தான்! 2022-இல் சொத்துவரி உயர்ந்தது. வரி கட்டுபவர் வீட்டுக்காரர்; அதை வாடகையில் ஏற்றினால் கொடுப்பவள், தொழிற்பேட்டையில் உழைக்கும் அவள் தாய். கடனில் பங்கு உண்டென்றால் கால்வாயில் பங்கு இல்லையா?

உலக அரங்கிலும் இதே கதைதான். புகை கக்கி வளர்ந்த நாடுகள், ஏழை நாடுகளுக்கு 2020 முதல் ஆண்டுக்கு 10,000 கோடி டாலர் திரட்டித் தருவதாக 2009-இல் கோபன்ஹேகனில் வாக்களித்தன. 2022-இல்தான் அத்தொகையை எட்டின. அதிலும் பெரும்பகுதி கடன்! வீட்டைக் கொளுத்தியவன் தண்ணீரை வட்டிக்கு விற்பதற்கு உதவி என்று பெயர்!

கடன் வாங்குவது குற்றமன்று. எவருக்கு முதலில் செலவிடுகிறோம் என்பதே கேள்வி. 1920-இல் தியாகராயர் தலைமையேற்றிருந்த சென்னை நகராட்சி மன்றம், ஆயிரம் விளக்குப் பள்ளியில் நண்பகல் உணவு வழங்கத் துணிந்தது. மாணவர் ஒருவருக்கு நாளொன்றுக்கு ஓரணாவுக்கு மிகாத செலவு. பசித்த பிள்ளைக்கே நகரத்தின் முதற்காசு என்ற நெறி அது. அந்நெறி இன்று வடிகாலுக்கும் வேண்டும்.

ஆகவே இளைஞர்களே, பகுதி சபைக்குச் செல்லுங்கள். பள்ளத் தெருவுக்கு முதல் வடிகால் கேளுங்கள். அங்குள்ளோரிடம் பட்டா இருக்கிறதா என்பது பிறகு. வார்டுவாரியான வரவு செலவைத் தமிழில் எழுதித் தெருமுனையில் ஒட்டச் சொல்லுங்கள். வாய்க்காலை அகலப்படுத்தக் குடிசையை அகற்றினால், பிழைப்பிடத்தின் அருகிலேயே மாற்று வீடு கோருங்கள். ஏரி நிலத்தை மறைத்துக் கட்டியவரிடம் மிகுதியாக வரி வாங்கச் சொல்லுங்கள்.

தலையெழுத்தைத் திருத்த முடியாது என்பது பழைய பஞ்சாங்கம். பள்ளத் தெருவை மூழ்கடிப்பது மாநகராட்சிப் பேரேட்டின் எழுத்து. அதை எழுதியவர் மனிதர். திருத்த வேண்டியவரும் மனிதரே!